இடப்பக்கம் கொஞ்சம் கம்மி

ஜூன் 9

தம்பிக்கு,

நல்லபடியா வந்து சேர்ந்துட்டேன். கம்பெனி விடுதியில ரெண்டு பேருக்கு ஒரு அறை. கூட இருக்கறது துணி வெட்டுற பிரிவுல வேலை பாக்கற பொண்ணு, முப்பது வயசிருக்கும், வாய் ஓயாம பேசுவா. ஜன்னலைத் திறந்தா எதிர்க்கட்டடத்துச் சுவரும் அதுல குழாய் ஒழுகின கறையும்தான். எனக்குச் சட்டை லைன் குடுத்திருக்காங்க. நாப்பது தையல் மெஷின், நாப்பது பொம்பளைங்க, மேற்பார்வைக்கு நான் ஒருத்தி.

நீ மூணு தடவை போன் பண்ணே. எடுத்துட்டு வெச்சுட்டேன். கோவம் மட்டும் காரணம் இல்லை. நீ பேசறது சரியா விளங்கலை, இந்தக் கட்டடத்துல சிக்னல் சரியில்லை போல. அதனால கடுதாசி எழுது. கடுதாசியில குறுக்க பேச முடியாது. நமக்கு அதுதான் நல்லது.

நான் சம்பளத்துக்காக மாற்றல் வாங்கிட்டுப் போனேன்னு எதிர்வீட்டு வாத்தியார்கிட்ட சொன்னியாம். உனக்கு நிஜமாவே தெரியலையா, இல்லை தெரியாத மாதிரி இருக்கியா?

என் வீட்டுக்காரர் போனதுக்கப்புறம் உன் வீட்டுக்கு வந்தேன். ஆறு வருஷம் ஆச்சு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆனா ரெண்டு மூணு டப்பாவைப் பிரிச்சு மேஜை மேல வெப்பே. இந்த இயர்பட்ஸை மாட்டு, அப்புறம் அதை மாட்டு, எதுல நல்லா கேக்குது சொல்லும்பே. எனக்கு என்ன தெரியும்? துணியிலயே பொழங்கினவ துணியை வெச்சுத்தான் சொல்வேன். ஒண்ணு, கஞ்சி போட்டுத் தேச்ச பருத்தி மாதிரி மடிப்பு மடிப்பா தெரியுதும்பேன். இன்னொண்ணு, நனைஞ்ச கம்பளிக்குள்ளேர்ந்து யாரோ பேசற மாதிரி இருக்கும்பேன். நீ எழுதிக்குவே. அடுத்த வாரம் பத்திரிகையில உன் போட்டோவுக்குக் கீழ அதே வார்த்தை அச்சுல வரும். ஜனங்க, என்னமா எழுதறார்னு சொல்வாங்க. நான் ஒரு நாளும் அதுக்கு ஒண்ணும் சொன்னதில்லை. எனக்குச் சந்தோஷமாத்தான் இருந்துச்சு.

இந்த ஆறு வருஷத்துல முதல் தடவையா, போன பிப்ரவரியில என்னைப் பத்தி எழுதினே. என்னன்னு எழுதினே? எனக்கு மனப்பாடம். "எங்கள் வீட்டில் ஒரு பெண்மணி இருக்கிறார். எந்த இயர்பட்ஸை மாட்டினாலும் 'இடப்பக்கம் கொஞ்சம் கம்மி' என்பார். உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் கூடிப் பேசி அவருடைய இடது காதுக்கு எதிராகச் சதி செய்திருக்கின்றன."

அங்க பழைய ஃபேக்டரியில சாப்பாட்டு நேரத்துல ஒருத்தி அதை எல்லாருக்கும் வாசிச்சுக் காட்டினா. நீ என் தம்பின்னு யாருக்குத் தெரியாது? அன்னிலேர்ந்து என் பேரு 'இடப்பக்கம்'. என் இடது கைப்பக்கமா வந்து நின்னு, சத்தமே இல்லாம வாயை மட்டும் அசைப்பாங்க. என்னன்னு கேட்டா லைன் முழுக்கச் சிரிக்கும். மூணு மாசம் பொறுத்தேன். அப்புறம் மாற்றல் கேட்டேன்.

தையல் பெட்டியில இருக்கற பெரிய கத்தரியும், அலமாரி மேல் தட்டுல இருக்கற கம்பளியும் வேணும். பார்சல்ல அனுப்பு.

அக்கா


ஜூன் 17

அக்காவுக்கு,

கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். கத்தரியும் கம்பளியும் பார்சலில் வருகின்றன. கத்தரிக்கு உறை தேடிக் கிடைக்கவில்லை, என் பழைய காலுறையில் சுற்றி வைத்திருக்கிறேன். துவைத்ததுதான்.

அந்தப் பத்தியில் உன் பெயர் இல்லை. உறவுகூட இல்லை. 'ஒரு பெண்மணி', அவ்வளவுதான். ஆசிரியர் பல மாதமாக, "எல்லாம் சரி சார், வாசகனைக் கொஞ்சம் சிரிக்கவும் வைங்க" என்று நச்சரித்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் வேறு ஒன்றும் தோன்றவில்லை, எழுதிவிட்டேன். உன் ஃபேக்டரிப் பெண்கள் நாகரிகம் இல்லாமல் நடந்துகொண்டதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்?

அது உன்னைப் பற்றிய கட்டுரையும் அல்ல. காதை நம்ப முடியாது என்பதுதான் விஷயம். நீ முழுக்கப் படித்தாயா என்று தெரியவில்லை. அலுவலகத்தில் பன்னிரண்டு பேரை உட்காரவைத்து, ஒரே கம்பெனியின் ஒரே மாடல் இயர்பட்ஸை இரண்டு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். ஒன்று வெறும் அட்டை டப்பா. மற்றது காந்தம் வைத்து 'டப்' என்று மூடும் கறுப்பு டப்பா. பத்துப் பேர் கறுப்பு டப்பாவில் இருந்ததுதான் தெளிவு என்றார்கள். தபால் பிரிவுக்காரர், "சார், இதுல மத்தளம் நெஞ்சுல வந்து இடிக்குது, அதுல வயித்தோட நின்னுடுது" என்றார். சத்தத்தை ஒரு புள்ளி கூட்டி வைத்தால் அதுதான் உசத்தி என்பார்கள். ஒருத்தருக்குக் கணீரென்று இருப்பது இன்னொருத்தருக்குக் காதைக் குத்துகிறது. இதில் யார் சரி, யார் தப்பு? அளவுகோல் இல்லாத ஒன்றை அளந்து வாரா வாரம் மதிப்பெண் போடுகிறவன் நான். அந்த வெட்கத்தில்தான் அன்றைக்குக் கேலியாக எழுதினேன் என்று வைத்துக்கொள்.

இதுவரைக்கும் எழுதியதைப் படித்துப் பார்த்தால் உன்னிடம் வாதாடுகிற மாதிரி இருக்கிறது. அப்படி நினைத்து எழுதவில்லை.

பார்சலில் ஒரு புது இயர்பட்ஸ் வைத்திருக்கிறேன். பிரிக்காத டப்பா. பத்திரிகைக்கு வந்தது அல்ல, உனக்காகக் கடையில் வாங்கியது. கேட்டுப் பார்த்து ஒரு வரி எழுது. அச்சில் போடமாட்டேன். இங்கே மேஜையில் மூன்று டப்பாக்கள் பிரிக்காமல் கிடக்கின்றன. தனியாகக் கேட்டால் 'நன்றாக இருக்கிறது', 'சுமாராக இருக்கிறது' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரமாட்டேன் என்கிறது.

தம்பி


ஜூன் 29

தம்பிக்கு,

பார்சல் வந்துச்சு. கத்தரி வந்துச்சு, கம்பளி வந்துச்சு, உன் காலுறையும் வந்துச்சு.

இயர்பட்ஸை ஷிஃப்ட் முடிஞ்சு விடுதி மாடிப்படியில உக்காந்து மாட்டிப் பாத்தேன். என்னமோ நீ பெரிய மனசு பண்ணி அனுப்பியிருக்கேன்னுதான் மாட்டினேன். வலப்பக்கம் அவ்வளவு நல்லா இருந்துச்சு. பாடற பொண்ணு அடுத்த வரிக்கு மூச்சு எடுக்கறது தெரிஞ்சது. நூலை ஊசியில கோக்கறதுக்கு முன்னாடி நுனியை உதட்டுல வெச்சு ஈரம் பண்ணுவோமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். அதைக் கேட்டதும் உனக்குத்தான் முதல்ல சொல்லணும்னு தோணுச்சு. என் புத்தி அப்படி.

ஆனா இடப்பக்கம்? கம்மி இல்லை. ஒண்ணுமே இல்லை. சுத்தமா செத்துக் கிடக்கு. கழட்டி மாட்டினேன், சார்ஜ் போட்டேன், துடைச்சுப் பாத்தேன். ஒண்ணும் இல்லை.

வேணும்னே இப்படி ஒண்ணைத் தேடிப் பிடிச்சு அனுப்பினியா? நாலு வரி எழுதிச் சிரிக்க வெச்சது போதாதுன்னு பொருளாவே அனுப்பி வெச்சியா? அப்படி இருக்காதுன்னு ஒரு மனசு சொல்லுது. ஆனா இங்க தனியா உக்காந்திருந்தா எல்லாம் தோணுது. கூட இருக்கற பொண்ணும் லீவுல ஊருக்குப் போயிருக்கா, அவகிட்ட குடுத்துக் கேக்கச் சொல்லவும் ஆள் இல்லை.

திருப்பி அனுப்பிட்டேன். கடையில குடுத்துடு.

வேற விசேஷம் இல்லை. மாடிப்படியில ரெண்டு தடவை தடுமாறிட்டேன். இங்க படியெல்லாம் ஒண்ணு உசரம் ஒண்ணு பள்ளமா கட்டி வெச்சிருக்கான்.

அக்கா


ஜூலை 4

அக்கா,

இயர்பட்ஸ் இன்று காலை வந்தது. மாட்டிக் கேட்டேன். இரண்டு பக்கமும் கேட்கிறது. என்னை நம்பாமல் அலுவலகத்தில் மூன்று பேரிடம் கொடுத்தேன். மூன்று பேரும் இரண்டு பக்கமும் ஒரே அளவு என்றார்கள்.

கோபப்படாமல் படி. உன் போனை எடுத்து யாரையாவது பேசச் சொல்லி முதலில் வலக் காதில் வைத்துக் கேள். பிறகு இடக் காதில் வைத்துக் கேள். சிக்னலைக் குறை சொல்லாதே.

அப்புறம் லீவு போட்டுவிட்டு உடனே காது டாக்டரிடம் போ. கம்பெனி டாக்டர் வேண்டாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ. தடுமாறியதையும் அவரிடம் சொல். படியின் மேல் பழி போடாமல் சொல்.

எனக்குப் பதில் எழுதுவதில் நேரத்தைப் போக்காதே. பார்த்துவிட்டு எழுது.

தம்பி


ஜூலை 23

தம்பிக்கு,

போனேன். எல்லாம் பாத்தாச்சு. ஒண்ணொண்ணா சொல்றேன், பதறாம வாசி.

முதல்ல ஒரு சின்ன அறையில உக்கார வெச்சாங்க. சுவரெல்லாம் மெத்தை மாதிரி பஞ்சு. கதவைச் சாத்தினா உன் மூச்சு உனக்கே கேக்கும். தலையில ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பட்டனைக் குடுத்து, சத்தம் கேட்டா அமுக்குங்கன்னாங்க. வலப்பக்கம் நல்லா அமுக்கினேன். கொசு மாதிரி சத்தத்துக்கெல்லாம் அமுக்கினேன். உன் மேஜையில ஆறு வருஷம் உக்காந்தவ இல்லையா, கொஞ்சம் பெருமையாகூட இருந்துச்சு. அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணும் வரலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பொண்ணு என்னையே பாத்துக்கிட்டிருந்தா. இடப்பக்கம் இன்னும் ஆரம்பிக்கலையாம்மான்னு கேட்டேன். அவ எழுந்து உள்ள வந்து, என் தோளைத் தொட்டு, "அஞ்சு நிமிஷமா போயிட்டிருக்கும்மா"ன்னா.

அப்புறம் ஸ்கேன். காதுலேர்ந்து மூளைக்குப் போற நரம்பு மேல கட்டி இருக்காம். உசிரை வாங்கற கட்டி இல்லைன்னு டாக்டர் முதல்லயே சொல்லிட்டார். மெதுவா வளருமாம். இப்ப பெரிய கோலிக்குண்டு அளவு. விட்டா மூளையை அமுக்கும், அதனால எடுத்தே ஆகணும். ஆகஸ்ட் பத்தொம்பது ஆபரேஷன்.

இடது காது திரும்பாது. அதையும் நேராவே சொல்லிட்டார்.

எப்பலேர்ந்து கேக்கலைன்னு கேட்டார். இந்த வருஷம்தான், ஊர் மாறின பிறகுதான்னேன். அவர் பேனாவை மூடிக்கிட்டே, "ஒரு வருஷம் முன்னாடி இது சின்னதா இருந்தப்ப வந்திருந்தா காதைக் காப்பாத்தப் பாத்திருக்கலாம். கண்டிப்பா முடிஞ்சிருக்கும்னு சொல்லமாட்டேன், ஆனா பாத்திருக்கலாம்"னார். என் கவனக்குறைவு. வேற யாரை நோக?

ஒண்ணு சொல்லணும். நீ அந்தக் கடுதாசி எழுதலைன்னா நான் போயிருக்கவே மாட்டேன். இயர்பட்ஸ் கெட்டுப்போச்சுன்னுதான் கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டிருந்திருப்பேன். நீ வேணும்னே அனுப்பினேன்னு நெனச்சதை மறந்துடு. அந்தக் கேலிகூட நல்லதுக்குத்தான் ஆச்சுன்னு வெச்சுக்கறேன். எழுதினதாலதானே உனக்கு ஞாபகம் இருந்துச்சு?

ஆபரேஷன் அன்னிக்கு வர முடியுமா? இந்த ஊர்ல கையெழுத்துப் போடக்கூட எனக்கு யாரும் இல்லை.

அக்கா


ஜூலை 30

அக்கா,

வருகிறேன். பதினெட்டாம் தேதியே வந்துவிடுவேன்.

உன்னுடைய கவனக்குறைவு என்று இனி யாரிடமும் சொல்லாதே. டாக்டரிடமும் சொல்லாதே. உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. கடிதத்தில் வேண்டாம். நேரில் சொல்கிறேன்.

தம்பி


ஆகஸ்ட் 27

அக்காவுக்கு,

நேற்று வீடு வந்து சேர்ந்தேன். உன் அறைத்தோழி தினமும் ஆஸ்பத்திரிக்கு வருவதாகச் சொன்னாள், நல்ல பெண். முகம் ஒரு பக்கம் இழுத்திருப்பது மூன்று மாதத்தில் சரியாகிவிடும் என்று டாக்டர் என்னிடமும் சொன்னார். அதற்காகக் கண்ணாடியைத் தவிர்க்காதே.

நான் அன்று சொன்னதைப் பற்றி நீ ஒரு வார்த்தை பேசவில்லை. ஆபரேஷனுக்கு முன்னால் சொல்லிவிட வேண்டும் என்றுதான் வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் வாய் வரவில்லை. நான்காம் நாள்தான் தைரியம் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நீ திட்டுவாய் என்று நினைத்தேன், திரும்பிப் படுத்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ கையை நீட்டி என் கையைப் பிடித்தாய். அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? ரயிலில் வரும்போது ஒரு வருஷத்துக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினேன்.

நீ பெரிய மனசுக்காரி. நான் இதற்குத் தகுதி இல்லாதவன்.

தம்பி


செப்டம்பர் 6

தம்பிக்கு,

கையெழுத்து கோணலா இருந்தா பொறுத்துக்க. உக்காந்தா தலை சுத்துது, படுத்துக்கிட்டே எழுதறேன்.

உன் கடுதாசியைக் கூட இருக்கற பொண்ணை விட்டு வாசிக்கச் சொன்னேன், அப்புறம் நானே வாசிச்சேன். நீ எதைச் சொல்றேன்னு எனக்குப் புரியலை.

நாலாம் நாள் நீ வந்தது ஞாபகம் இருக்கு. கட்டுப் போட்ட பக்கம் மேல இருக்கணும்னு என்னை வலப்பக்கமா ஒருக்களிச்சுப் படுக்க வெச்சிருந்தாங்க. நல்ல காது தலையணையில அமுங்கிக் கிடந்தது. நீ நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தது தெரிஞ்சது. வாய் அசையறது தெரிஞ்சது. அப்புறம் நீ அழுதே. என் முகம் கோணினதைப் பாத்துட்டு அழறான் பாவம்னு நெனச்சேன். அதான் கையைப் பிடிச்சேன்.

நர்ஸ் சொன்னாங்க, உங்க தம்பி முக்கா மணி நேரம் பேசினார்னு. என்ன பேசினான்னு கேட்டேன். அவங்க, "குடும்ப விஷயம், நான் நின்னு கேக்கலைம்மா"ன்னுட்டாங்க.

எனக்கு ஒரு வார்த்தை கேக்கலைடா. என்ன சொன்னே? ஒரு வருஷமா நிம்மதியா தூங்கலைன்னு எழுதியிருக்கே. எதுக்கு?

எழுது.

அக்கா


அக்டோபர் 3

அக்கா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிவிட்டது. முதலில் ஒரு பொய் எழுதினேன். 'சீக்கிரம் குணமாக வேண்டும் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன், பழைய கதைகளைப் பேசிக்கொண்டிருந்தேன்' என்று. தபால் பெட்டி வரைக்கும் கொண்டுபோனேன். உள்ளே போடக் கை போனது. நீ நம்பியிருப்பாய். அதனால்தான் போட முடியவில்லை.

நான் அன்று சொன்னது இதுதான்.

போன வருஷம் ஏப்ரலில் ஒரு மாடலைக் கேட்டுவிட்டு, "இடப்பக்கம் கொஞ்சம் கம்மிடா" என்றாய். நான் கேட்டேன், சரியாக இருந்தது. இயர்பட்ஸில் பழுது இல்லை என்று எழுதிக்கொண்டேன். ஜூலையில் வேறு கம்பெனி, வேறு மாடல். அதே வார்த்தை. எனக்குச் சுருக்கென்றது. அடுத்த ஞாயிறு இடம் வலம் வித்தியாசம் இல்லாத உருண்டை வகை ஒன்றை எடுத்தேன். உன்னைக் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி, முடியை ஒதுக்கி, நானே மாட்டிவிட்டேன். ஒரு பாட்டு ஓடியது. பிறகு உனக்குச் சொல்லாமல் இடப்பக்கத்துக்கானதை வலக் காதிலும் வலப்பக்கத்துக்கானதை இடக் காதிலும் மாற்றி மாட்டினேன். அதே பாட்டைப் போட்டேன். அப்போதும் நீ, "இதுலயும் இடப்பக்கம்தான் கம்மி" என்றாய்.

அன்றைக்கே தெரிந்துவிட்டது, குறை காதில் என்று. சந்தேகமாக அல்ல, நிச்சயமாகத் தெரிந்தது. மாற்றிப் பார்ப்பது எதற்கு? இதைத் தெரிந்துகொள்வதற்குத்தான். நோட்டுப் புத்தகத்தில் உன் பெயருக்கு நேரே 'இடது காது நம்பத் தகாது, இவர் சொல்வதை இனிச் சேர்க்க வேண்டாம்' என்று எழுதினேன். டாக்டரிடம் போ என்று உன்னிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றுதானே கேட்பாய்? எனக்குள் ஓடியது இதுதான். என் பத்தியில் நல்லதாக இருந்ததெல்லாம் உன் காது சொன்னது. அந்தக் காதே பழுது என்றால், எத்தனை வருஷமாகப் பழுது? நான் எழுதியதெல்லாம் என்ன ஆகும்? யாராவது கேட்டால் என்ன சொல்வேன்? இப்படியே யோசித்துக்கொண்டிருந்தேனே தவிர, காது யாருடையது என்று யோசிக்கவில்லை. அடுத்த மாதம் சொல்லலாம் என்று தள்ளினேன். அப்புறம் செப்டம்பரில் நீ மறுபடியும் சொன்னபோது எரிச்சல் வந்தது. பிப்ரவரியில் அதைக் கேலியாக்கினேன். காது ஆளுக்கு ஆள் வேறுபடும், எல்லாம் அவரவர் மனசு என்று இரண்டு பக்கம் எழுதினேன். அப்படி எழுதிவிட்டால் அது உண்மையாகிவிடும் போலிருந்தது. வாசகர்கள் சிரித்தார்கள். எனக்கும் அது வெறும் சிரிப்பு விஷயமாகத் தெரிய ஆரம்பித்தது. செத்த இயர்பட் என்று நீ திருப்பி அனுப்பிய அன்றைக்குத்தான் அந்த நோட்டுப் புத்தகத்தை எடுத்துத் திரும்பப் படித்தேன்.

டாக்டர் ஒரு வருஷம் முன்னால் என்று சொன்னார் அல்லவா? நான் உன் காதில் மாற்றி மாட்டியது போன வருஷம் ஜூலை.

பத்தியை நிறுத்திவிட்டேன். ஆசிரியர் வேறு ஒருவரிடம் கொடுத்துவிட்டார். கடைசியாக ஒரு பக்கம் கேட்டிருக்கிறேன், நடந்ததை எல்லாம் எழுதி, ஆறு வருஷமாக அது யாருடைய வார்த்தைகள் என்பதையும் எழுதி, மன்னிப்புக் கேட்கப்போகிறேன். நீ சரி என்றால் அனுப்பிவிடுவேன்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் போடாவிட்டாலும் எனக்குப் புரியும்.

தம்பி


டிசம்பர் 14

தம்பிக்கு,

ரெண்டு மாசத்துக்கு மேல ஆயிடுச்சு. நடுவுல எழுதாம இல்லை. ஒரு தடவை 'பரவாயில்லை'ன்னு எழுதினேன். மறுநாள் வாசிச்சா பொய்யா இருந்துச்சு, கிழிச்சுப் போட்டேன். இன்னொரு தடவை 'இனி உன் முகத்துலயே முழிக்கமாட்டேன்'னு எழுதினேன். அதுவும் பொய்தான்.

வேலைக்குத் திரும்பிட்டேன். லைன்ல இல்லை, தச்சு முடிச்ச சட்டையைச் சரிபாக்கற மேஜையில போட்டிருக்காங்க. நாப்பது மெஷினுக்கு நடுவுல நின்னா எனக்கு ஒரே இரைச்சல், எது எங்கேர்ந்து வருதுன்னு தெரியலை. யாராவது கூப்பிட்டா எந்தப் பக்கம்னு தெரியாம ஒரு முழுச் சுத்து சுத்தறேன். இங்க யாரும் சிரிக்கறதில்லை. எல்லாரும் முன்னாடி வந்து நின்னு பேசறாங்க. முகம் ஏறக்குறைய நேராயிடுச்சு. தண்ணி குடிச்சா மட்டும் ஓரமா ஒழுகும்.

நானும் ஒண்ணு சொல்லிடறேன். எனக்கும் தெரியும். டாக்டர்கிட்ட இந்த வருஷம்தான்னு சொன்னது பொய். அந்த ஏப்ரலுக்கு முன்னாடியே போனை வலக் காதுக்கு மாத்திட்டேன். சிக்னல் சரியில்லைன்னு உனக்கு எழுதினதும் சாக்குதான். ஒரு மெஷின்ல ஊசி மழுங்கினா, கண்ணால பாக்காம சத்தத்தை வெச்சே எந்த மெஷின்னு சொல்லுவேன்னு ஃபேக்டரியில எனக்கு ஒரு பேரு. அது போயிடுமோன்னு பயம். அதனால யார்கிட்டயும் மூச்சு விடலை. உன் மேஜையில மட்டும்தான் சொன்னேன். இடப்பக்கம் கொஞ்சம் கம்மின்னு நான் சொன்னது இயர்பட்ஸைக் குறை சொல்லறதுக்கு இல்லைடா. ஏன்க்கா, என்ன ஆச்சுன்னு நீ ஒரு வார்த்தை கேப்பேன்னு சொன்னேன். நாலு தடவை சொன்னேன். அஞ்சாவது தடவை சொல்ல வெக்கமா இருந்துச்சு.

இதை எழுதறது உன் பங்கைக் குறைக்க இல்லை. என் பங்கு என்னோடது, உன் பங்கு உன்னோடது. ரெண்டும் சேந்துதான் இந்தக் காது போச்சு. யாரோடது எவ்வளவுன்னு நான் பாக்கப்போறதில்லை.

ஆனா ஒண்ணு மட்டும் என்னால தாங்க முடியலை. கண்ணை மூடிக்கச் சொல்லி, முடியை ஒதுக்கி, உன் கையால மாட்டிவிட்டியே, அந்தச் சாயங்காலம். அவர் போனதுக்கப்புறம் என் தலையை யாரும் அப்படித் தொட்டதில்லை. நம்ம தம்பிக்கு நம்ம மேல இவ்வளவு பாசமான்னு உக்காந்திருந்தேன். இங்க வந்து உன் மேல கோவமா இருந்தப்பகூட அந்த ஒரு நாளை எடுத்து வெச்சுப் பாத்துக்குவேன். இப்ப அதைத் தொட முடியலை. காது இல்லாம பழகிடும்னு டாக்டர் சொல்றார், பழகவும் செய்யுது. இது பழகுமான்னு தெரியலை.

பத்திரிகையில மன்னிப்பு வேண்டாம். அதையும் நல்லாத்தான் எழுதுவே. ஜனங்க படிச்சுட்டு அழுவாங்க, உனக்கு நாலு கடுதாசி வரும், இங்க யாராவது அதைச் சாப்பாட்டு நேரத்துல வாசிப்பாங்க. என்னைப் பத்தி இனி எழுதாதே. நல்லதும் வேண்டாம், கெட்டதும் வேண்டாம்.

இப்ப வராதே. எப்ப வரலாம்னு நானே சொல்றேன்.

அது வரைக்கும் எனக்கு எழுது. மன்னிப்பு எழுதாதே, அது வந்து சேர்ந்துடுச்சு. காலையில எத்தனை மணிக்கு எழுந்தே, என்ன சாப்பிட்டே, இப்ப என்ன வேலை பாக்கறே, அதை எழுது. நான் பதில் எப்ப போடுவேன்னு தெரியலை. வாசிப்பேன்.

அக்கா